பிரிந்திருந்த வருடத்தில் ஒரு வெள்ளிவிழா

இந்த விஷயத்தை எங்கே எழுதினாலும் தேதி போடாதீர்கள் என்று என் வக்கீல் சொல்லியிருக்கிறார். மூச்சு விடாதீர்கள் என்று சொல்லியிருந்தால் இன்னும் சுலபமாக இருந்திருக்கும். தெருமுனை மரத்தை வெட்டினாலும், குழாயில் தண்ணீர் வராமல் போனாலும், எதிர்வீட்டுக்காரர் புதுக் கார் வாங்கி முதல் நாளே சுவரில் இடித்தாலும், நாள், கிழமை, மணி போட்டு எழுதி வைக்கிறவள் நான். இதில் மாதமும் கிழமையும் மணியும் மட்டும் இருக்கும். வாசகர்கள் என்னை மன்னிக்க வேண்டும். வக்கீலை மன்னிக்க வேண்டிய அவசியமில்லை.

ஜூன் மாதத்தின் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஏழு இருபதுக்கு, நானும் என் கணவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனோம். திருமணமாகி இருபத்துநாலு வருடம் ஐந்து மாதத்தில் அதுதான் முதல் தடவை. "நாம பிரிஞ்சிடலாம்" என்றேன். அவர் இட்லியைச் சட்னியில் தொட்டு, வாயில் போட்டு, நிதானமாக மென்று விழுங்கிவிட்டு, "சரி" என்றார். வீட்டுக்கு என்ன நிறம் பூசுவது என்று கேட்டால் எட்டு மாதம் யோசிக்கிறவர்.

காரணம் அதற்கு முந்தைய சனிக்கிழமை நடந்தது. நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அங்கே நூலகத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அந்த நேரத்தில் ஜீவனஹள்ளியில் எங்கள் தெரு வழியாக "ஹளே பேப்பர்" என்று கூவிக்கொண்டு வந்த பழைய பேப்பர்காரரைக் கூப்பிட்டு, என் நாட்குறிப்புகளில் பதினொரு வருடத்துக்கானதை என் கணவர் எடுத்துப் போட்டுவிட்டார். கோபத்தில் செய்திருந்தால் மன்னித்திருப்பேன். பழிவாங்கச் செய்திருந்தால் கொஞ்சம் மதித்தும் இருப்பேன். புதிதாக வாங்கிய தண்ணீர் வடிகட்டிக்கு அலமாரியில் இடம் தேவைப்பட்டது, அவ்வளவுதான். "எல்லாம் எழுதி முடிச்சதுதானே? புதுசா எழுதத்தானே நோட்டு வேணும்?" என்று கேட்டார். இருபது வருடம் நூலகத்தில் உட்கார்ந்திருக்கிறேன், இப்படி ஒரு கேள்வியை எந்தப் பிள்ளையும் என்னிடம் கேட்டதில்லை.

மூன்று தெரு அலைந்து பேப்பர்காரரைக் கண்டுபிடித்தேன். மூட்டைகள் மத்தியானமே லாரி ஏறிவிட்டன என்றார். நல்ல மனிதர், "முக்கியமான பேப்பரா அக்கா? பத்திரமா?" என்று வருத்தப்பட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம், கோர்ட்டுப் பக்கத்துக் கடையில் எங்களைப் போன்ற கிறிஸ்தவர்களுக்கான மணவிலக்குச் சட்டம் ஒரு மெல்லிய புத்தகமாகக் கிடைத்தது. மகாராணி காலத்தில் தைத்து, பிறகு வந்தவர்கள் அங்கங்கே ஒட்டுப்போட்ட சட்டம். பழக்க தோஷத்தால் அட்டை முதல் அட்டை வரை படித்தேன். ஒரு திருமணத்தை முடிக்க இத்தனை வழி இருக்கிறதே என்று முதலில் மலைப்பாக இருந்தது. ஒவ்வொரு வழியாகப் போய்ப் பார்த்ததில், எல்லாம் வேறு யாருடைய கணவருக்காகவோ போட்டவை என்று தெரிந்தது.

கணவன் வேறு பெண்ணோடு தொடர்பு வைத்திருக்க வேண்டும். அதற்கு முதலில் வீட்டை விட்டு வெளியே போக வேண்டும். இவர் தொழிற்சாலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிய பிறகு ஞாயிறு பூசைக்கும் கறிக்கடைக்கும் மட்டுமே போகிறார். மதம் மாறியிருக்க வேண்டும். இவர் பற்பசைகூட மாற்றாதவர். சித்தம் கலங்கியிருக்க வேண்டும். அதற்கு மருத்துவர் சான்று கேட்பார்கள், தண்ணீர் வடிகட்டி போதாது. இரண்டு வருடம் கைவிட்டுப் போயிருக்க வேண்டும். இவர் கைவிட்டுப் போனதில் அதிகபட்சம், தெருமுனையில் தீப்பெட்டி வாங்கப் போன இருபது நிமிடம். ஏழு வருடமாக உயிரோடு இருக்கிறாரா என்ற தகவலே இல்லாமல் இருந்தாலும் சரி என்கிறது சட்டம். இவர் உயிரோடு இருக்கும் தகவல் தினமும் காலை ஐந்தே முக்காலுக்குத் தொண்டையைக் காறும் சத்தத்தில் தெரு முழுவதற்கும் கிடைத்துவிடுகிறது.

நீதிமன்றப் பிரிவு என்று இன்னொன்றும் இருந்தது. திருமணம் அப்படியே இருக்கும், சேர்ந்து வாழ வேண்டிய கடமை மட்டும் இருக்காது. இதைத்தான் நாங்கள் எந்த உத்தரவும் இல்லாமல் பல வருடமாகச் செய்துகொண்டிருந்தோம்.

பிறகு எங்கள் கோயிலின் பங்குத்தந்தையைப் போய்ப் பார்த்தேன். இளைஞர், எங்கள் பங்குக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. பள்ளிக்கூடத்தில் வேலை என்பதால் எல்லோரையும் போல அவரும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

"கோர்ட்ல தீர்ப்பு வாங்கினாலும் திருச்சபைக்கு நீங்க ரெண்டு பேரும் தம்பதிதான் டீச்சர். இங்க வழி ஒண்ணுதான். மறைமாவட்டத் தீர்ப்பாயத்துல, இந்தக் கல்யாணம் ஆரம்பத்துலேர்ந்தே செல்லாதுன்னு நிரூபிக்கணும்."

"செல்லாதுன்னா, நடக்கவே இல்லைங்கற மாதிரியா ஃபாதர்?"

"கிட்டத்தட்ட அப்படித்தான்."

"நடந்ததே. நோட்டுல எழுதி வெச்சிருக்கேன். அன்னைக்கு பிரியாணில உப்பு கம்மின்னுகூட இருக்கு."

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "சரி, யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?"

"எல்லாரும் நல்ல பையன், நல்ல பையன்னு சொன்னாங்க."

"அது கட்டாயத்துல வராது டீச்சர்."

நடந்ததை நடக்கவில்லை என்று எழுத எனக்குக் கை வராது. அந்த வழியும் போயிற்று. தவிர, தீர்ப்பாயம் என்ன சொன்னாலும் அது கோர்ட்டைக் கட்டுப்படுத்தாது, கோர்ட் சொல்வது தீர்ப்பாயத்தையும் கட்டுப்படுத்தாது என்று பிறகு வக்கீல் சொன்னார். எங்கள் பங்கில் பாதிப் பேர் ஒரு காகிதம் வாங்கினால் இரண்டும் முடிந்தது என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். ஒரே கதவில் இரண்டு பூட்டு, இரண்டு சாவி வேறு வேறு ஆட்களிடம்.

வக்கீல் மல்லேஸ்வரத்தில், ஒரு காப்பிப் பொடிக் கடைக்கு மேல் மாடியில் இருந்தார். முப்பது வயதுப் பெண். தாய்மொழி கன்னடம், தமிழைப் பக்கத்து வீட்டில் விளையாடிக் கற்றுக்கொண்டதாகச் சொன்னார். கீழேயிருந்து வறுத்த கொட்டை வாசனை ஏறிக்கொண்டே இருந்ததால், அங்கே சொல்லப்பட்ட எதுவும் அவ்வளவு மோசமாகத் தோன்றவில்லை.

"கொடுமைன்னு கேஸ் போடலாம் மேடம், வருஷக்கணக்கா இழுக்கும். டைரியை ஹளே பேப்பருக்குப் போட்டாருன்னு எழுதினா ஜட்ஜ் சிரிச்சிடுவாரு. ரெண்டு பேருக்கும் சம்மதம்தானே? அப்ப பரஸ்பர சம்மதம்னு போட்டுடலாம். ஆனா மனு போடறதுக்கு முன்னாடி தனித்தனியா வாழ்ந்திருக்கணும். புத்தகத்துல ரெண்டு வருஷம்னு இருக்கு. நம்ம ஹைகோர்ட் ஒரு வருஷம் போதும்னு சொல்லிடுச்சு. மனு போட்டப்புறம் ஆறு மாசம் கழிச்சு ஜட்ஜ் திரும்பக் கூப்பிட்டுக் கேப்பாரு. அப்பவும் ரெண்டு பேரும் சரின்னு சொன்னா முடிஞ்சுது."

"தனித்தனியான்னா, வேற வேற வீட்டுலயா?"

"ஒரே வீட்டுல இருந்தாலும் ஓகே மேடம். கணவன் மனைவியா இருக்கக்கூடாது, அவ்வளவுதான். தனி ரூம், தனி சமையல். ஆனா நிஜமா இருக்கணும். நாளைக்கு நீங்கதான் சத்தியம் பண்ணப்போறீங்க."

ஒரே வீடு எங்களுக்கு வசதி. யாராவது ஒருவர் பெட்டியோடு வெளியே போனால் என் நாத்தனாருக்குத் தெரிந்துவிடும். என் கணவரின் அக்கா, ஜோகுபாளையத்தில் இருக்கிறார். ஆனால் சிறுவயதுப் பழக்கத்தில் பூசைக்கு எங்கள் கோயிலுக்குத்தான் வருவார். நாத்தனாருக்குத் தெரிந்தால் பங்கு அறிவிப்பில் வாசிக்க வேண்டிய மிச்சம் எதுவும் இருக்காது. எனவே ஒருவருக்கும் சொல்வதில்லை என்று முடிவு செய்தோம். புனேயில் வேலை பார்க்கும் மகளுக்கு மட்டும் சொன்னேன். அவள், "அப்பாக்கு சமைக்கத் தெரியுமாம்மா?" என்று கேட்டாள்.

ஜூன் கடைசி ஞாயிற்றுக்கிழமை வீட்டைப் பிரித்தோம். முன்னறையும் கூடமும் அவருக்கு. பின்னறையும் சமையலறையும் எனக்கு. குளியலறைக்கு ஒரு நேர அட்டவணை எழுதிக் கதவில் ஒட்டினேன். அவர் தொழிற்சங்கக் கூட்டத்தில் போல அதை இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்தே போட்டார். ஒரு மின்சார அடுப்பு வாங்கிக் கூடத்தின் மூலையில் வைத்துக்கொண்டார். பிரிவதற்கு முன்னால் இருந்த எங்கள் வாழ்க்கைக்கும் பின்னால் வந்த வாழ்க்கைக்கும் பார்த்த மாத்திரத்தில் தெரிந்த ஒரே வித்தியாசம் அந்த அடுப்புதான்.

ஆனால் மனிதர் மாறிவிட்டார். மூன்றாவது வாரம், என் சமையலறைக் கதவைத் தட்டினார். அந்த வீட்டில் அவர் ஒரு கதவைத் தட்டி நான் கேட்டது அதுவே முதல் தடவை.

"கொஞ்சம் பெருங்காயம் கிடைக்குமா? ரசம் ஒரு மாதிரியா இருக்கு."

பெருங்காயம் கொடுத்தால் சேர்ந்து வாழ்ந்ததாக ஆகுமா என்று சந்தேகம் வந்து வக்கீலுக்குப் போன் செய்தேன். "பெருங்காயம் குடுக்கலாம் மேடம்" என்றார். "ரசத்தை டேஸ்ட் பண்ணாதீங்க." அதையும் தேதி போட்டு எழுதிக்கொண்டேன். அந்த வருடம் நான் எழுதிய நோட்டு, என் வாழ்க்கையிலேயே மிக ஒழுங்கானது. யார் எந்த அறையில் தூங்கினார்கள், யார் என்ன சமைத்தார்கள் என்பது முந்நூற்றறுபத்தைந்து நாளும் அதில் இருக்கிறது. பெரிய அரசர்களுக்குக்கூட இவ்வளவு துல்லியமாக யாரும் எழுதி வைக்கவில்லை.

ஏழாவது மாதம் வந்தது ஜனவரி.

எங்கள் பங்கில் ஒரு வழக்கம் உண்டு. கோயில் திருவிழா வாரத்தின் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், அந்த வருடம் திருமணத்தின் இருபத்தைந்தாவது ஆண்டைக் கொண்டாடும் தம்பதிகளைப் பீடத்துக்கு அழைப்பார்கள். மாலை போட்டு, திருமண உறுதிமொழியைப் புதுப்பிக்கச் சொல்லி, கேக் வெட்டி, போட்டோ எடுப்பார்கள். பேர் கொடுக்கிறவர்கள் முன்கூட்டியே பங்கு அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். நாங்கள் கொடுக்கவில்லை. என் நாத்தனார் கொடுத்திருந்தார். எங்களுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று.

ஆச்சரியமாகத்தான் இருந்தது. நான் பெண்கள் பக்கத்தில் நாலாவது வரிசையில் இருந்தேன், அவர் ஆண்கள் பக்கத்தில் கடைசியில். ஐந்து தம்பதிகளின் பெயரை வாசித்தார்கள், மூன்றாவதாக நாங்கள். நானூறு தலைகள் ஒரே நேரத்தில் திரும்பின. என் பக்கத்திலிருந்த அம்மாள் என் முழங்கையைப் பிடித்துத் தூக்கியே விட்டார். நடுவழியில் நானும் அவரும் சந்தித்தோம்.

"என்ன பண்றது?" என்று வாயைத் திறக்காமல் கேட்டார்.

"ஏறுங்க. எல்லாரும் பாக்கறாங்க."

"இது... கணக்குல வருமா?"

"எனக்குத் தெரியாது. ஏறுங்க."

நியாயமாக நான் ஒரு ஆட்சேபம் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு எங்களுக்கு இருபத்தைந்து வருடம் நிறையவில்லை, இன்னும் பதினேழு நாள் பாக்கி. பீடத்துக்கு முன்னால் நின்றபோது என் மூளையில் ஓடியது அது ஒன்றுதான். நாத்தனார் முதல் வரிசையில் கைக்குட்டையோடு நின்றார். மாலை போட்டார்கள், சாமந்தி, நடுவில் கொஞ்சம் ரோஜா. பங்குத்தந்தை வாசிக்க வாசிக்க, இன்பத்திலும் துன்பத்திலும், உடல்நலத்திலும் நோயிலும், வாழ்நாளெல்லாம் என்று ஐந்து ஜோடியும் திரும்பச் சொன்னோம். பங்குத்தந்தை என் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்துவிட்டு மிகுந்த பக்தியோடு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் முன்னறைக்குப் போனார், நான் பின்னறைக்குப் போனேன். பாதி கேக்கை அவர் தட்டில் வைத்துக் கூடத்து மேசையில் வைத்தேன். அன்றைய குறிப்பு இது: "காலை பூசை 8.30. வெள்ளிவிழா ஆசீர்வாதம், 5 தம்பதிகள். இருவரும் உறுதிமொழி சொன்னோம். கேக் பழக் கேக், கொஞ்சம் வறண்டது. தனித்தனியே உறங்கினோம். தண்ணீர் வரவில்லை."

பிப்ரவரி மாதப் பங்கு இதழில் போட்டோ வந்தது. கீழே 'இனிய இல்லறத்தின் வெள்ளி ஆண்டு' என்று போட்டிருந்தார்கள்.

ஜூன் கடைசியில் வருடம் நிறைந்ததும் இருவரும் ஒரே பஸ்ஸில், வேறு வேறு இருக்கையில், மல்லேஸ்வரம் போனோம். வக்கீல் மனுவை எழுதி வைத்திருந்தார். நடுவில் எப்போதாவது சேர்ந்து வாழ்ந்ததுண்டா என்று கேட்டார். நான் பெருமையோடு நோட்டைக் கொடுத்தேன். புரட்டிக்கொண்டே வந்தவர் ஜனவரியில் நின்றார்.

"ஐயோ, மேடம்."

"என்ன?"

"கணவன் மனைவியா வாழலைன்னு சத்தியம் பண்ற வருஷத்துல, நானூறு பேர் முன்னாடி கணவன் மனைவியா வாழ்வோம்னு சத்தியம் பண்ணியிருக்கீங்களா?"

இப்படிச் சுருக்கமாக யாரும் அதுவரை எனக்குச் சொல்லவில்லை.

"அதை எழுதாம விட்டா என்ன?" என்றார் என் கணவர். "கோயில்ல நடந்தது கோயிலோட. யாருக்குத் தெரியப்போகுது?"

"உங்க அக்காவுக்கு" என்றேன். மே மாதம் வாய் தவறி அக்காவிடம் சொல்லிவிட்டவரும் அவர்தான். அந்த அம்மாள் மறுநாளே ஆட்டோ பிடித்து வந்து, கூடத்தில் அடுப்புக்கும் கட்டிலுக்கும் நடுவே நின்று, "டேய் தம்பி, ஜனவரில பீடத்துல நின்னு என்னடா சொன்ன? அந்தப் போட்டோவை எடுத்துக்கிட்டு நானே கோர்ட்டுக்கு வர்றேன், ஜட்ஜ் கையில குடுக்கறேன், பாத்துக்க" என்று கத்திவிட்டுப் போயிருந்தார்.

"அக்கா வந்து குடுக்கவெல்லாம் முடியாது சார்" என்றார் வக்கீல். "ஆனா மேடம் பிரமாணப் பத்திரத்துல கையெழுத்துப் போடணும். மறைச்சு எழுதினது வெளிய வந்தா கஷ்டம். இல்லாட்டி ஜனவரிலேர்ந்து திரும்ப ஒரு வருஷம் எண்ணலாம். இல்லாட்டி நடந்ததை அப்படியே எழுதிடலாம். சேர்ந்து வாழ்ந்தீங்களாங்கறதுதான் சட்டம், கோயில்ல என்ன சொன்னீங்கங்கறது இல்ல. ஆனா ஜட்ஜ் கண்டிப்பா கேப்பாரு. அப்ப ரெண்டு பேர்ல ஒருத்தர் தடுமாறினாலும் மனு போச்சு."

"அப்படியே எழுதுங்க" என்றேன். என் கணவர் என்னைப் பார்த்தார். மனுவின் ஒன்பதாவது பத்தியாக வெள்ளிவிழா ஏறியது. மாலையைப் பற்றி எழுத வேண்டாம் என்று வக்கீல் கெஞ்சியதால் அதை மட்டும் விட்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை காலியாகி, அவர் எழுந்து வந்து உட்கார்ந்தார்.

"ஜட்ஜ் கேட்டா என்னன்னு சொல்றது?"

"எல்லாரும் பாத்தாங்க, அதனால சொன்னோம்னு சொல்லுங்க."

"நான் சும்மா சொல்லல" என்றார், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே. "அன்னைக்கு, அந்த வாசகம். நான் சும்மா சொல்லல."

எதற்கும் ஒரு குத்தல் வார்த்தை வைத்திருக்கிறவள் நான். பஸ் டிக்கெட்டை எட்டாக மடித்தேன். எங்கள் நிறுத்தம் வந்தது, இறங்கினோம்.

அடுத்த ஆறு மாதம் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை; கேட்டால் என்ன சொல்வாரோ என்று பயம். வீட்டில் அவரவர் அடுப்பில் அவரவர் சமையல். அவருடைய ரசம் தேறிவிட்டது, வாசனையிலேயே தெரிந்தது. ராத்திரியில் சுவருக்கு அந்தப் பக்கம் இருமும் ஒரு மனிதர், கோர்ட்டில் நின்று "நான் மனசாரச் சொன்னேன், எனக்குப் பிரிய இஷ்டமில்லை" என்று ஒரு வரி சொன்னால் போதும். சம்மதம் என்பது கடைசி நாள் வரை இரண்டு பேரிடமும் இருக்க வேண்டியது. ஒருவர் கையை எடுத்தால் கீழே விழுந்துவிடும். அப்புறம் எனக்கு மிச்சமிருப்பது கொடுமை வழக்கும் தண்ணீர் வடிகட்டியும்தான்.

ஜனவரி இரண்டாவது வாரம், ஒரு வியாழக்கிழமை கூப்பிட்டார்கள்.

குடும்ப நீதிமன்றத்தின் தாழ்வாரத்தில் கல்யாண மண்டபத்தைவிட அதிகமாக ஜோடிகள் இருந்தார்கள். இரண்டு பக்கத்து உறவினர்களும் எதிரெதிர் பெஞ்சில் உட்கார்ந்து, சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என் நாத்தனார் சொன்ன சொல் தவறாமல் வந்திருந்தார். பங்கு இதழின் பக்கத்தை வெட்டி, பிளாஸ்டிக் உறை போட்டு மடியில் வைத்திருந்தார்.

"பாரு" என்று என் முன்னால் நீட்டினார். "ரெண்டு பேர் வாயும் தொறந்திருக்கு. சாமிக்கு முன்னாடி சொன்னதை ஜட்ஜுக்கு முன்னாடி இல்லைன்னு சொல்லப்போறியா? நாக்கு அழுகிடும்."

"இல்லைன்னு சொல்லப்போறதில்ல அண்ணி. மனுவுலயே எழுதியிருக்கு. ஒன்பதாவது பத்தி."

"எழுதியிருக்கியா?" அவருக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. "எல்லாத்தையுமா எழுதுவ நீ?"

பன்னிரண்டே காலுக்கு எங்கள் முறை. நீதிபதி ஒரு பெண்மணி, என் வயதுதான் இருக்கும். மனுவைப் புரட்டி, ஒன்பதாவது பத்திக்கு வந்து, கண்ணாடியைக் கழற்றி, எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். கன்னடத்தில் கேட்டார், என் கணவரும் தொழிற்சாலைக் கன்னடத்தில் பதில் சொன்னார். தமிழில் எழுதுகிறேன்.

"பிரிந்து வாழ்கிறோம் என்று சொல்லும் வருடத்தில் கோயிலில் உறுதிமொழியைப் புதுப்பித்திருக்கிறீர்கள். ஏன்?"

"அக்கா பேர் குடுத்துட்டாங்கம்மா. கூப்பிட்டாங்க. போனோம்."

"போனீர்கள், சரி. சொன்னது மனதாரச் சொன்னதா?"

வக்கீல் தன் பேனாவை மேசையில் வைத்தார்.

"நான் மனசாரத்தான் சொன்னேன்" என்றார் என் கணவர்.

கோர்ட்டு அறையில் ஒரு மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நீதிபதி நிமிர்ந்தார். "அப்படியானால் உங்களுக்கு இந்த மனுவில் சம்மதம் இல்லையா?"

"இருக்கும்மா." என் பக்கம் கையைக் காட்டினார். "இவங்க சொல்லல. வாய் அசைஞ்சுது, குரல் வரல. ஒரு வார்த்தைகூட வரல. பக்கத்துல நின்ன எனக்குத் தெரியும். ஒருத்தர் மட்டும் சொன்னா அது சேர்ந்து வாழறது இல்லையே. அதான் சம்மதம்."

நீதிபதி என் பக்கம் திரும்பினார். "அவர் சொல்வது சரியா?"

என் கைப்பையில் அந்த வருட நோட்டு இருந்தது. 'இருவரும் உறுதிமொழி சொன்னோம்.' என் கையெழுத்து, என் மை. கேக் வறண்டது என்று எழுதியவள், தண்ணீர் வரவில்லை என்று எழுதியவள், பதினேழு நாள் குறைகிறது என்று பீடத்தில் நின்று எண்ணியவள். என் தொண்டையிலிருந்து சத்தம் வந்ததா என்று மட்டும் நான் பார்க்கவில்லை. நின்ற இடத்தில் நினைவில் தேடினேன். பங்குத்தந்தையின் குரல் இருந்தது. பக்கத்தில் அவர் குரல், கொஞ்சம் அதிகச் சத்தமாக. மற்ற நாலு பெண்களின் குரல் இருந்தது. என்னுடையது இல்லை.

"சரிதான்" என்றேன். "நான் எழுதி வைத்தது தப்பு."

பிறகு நீதிபதி வழக்கமாகக் கேட்கும் கேள்விகளைக் கேட்டார். யாராவது வற்புறுத்தினார்களா, சேர முயற்சி செய்தீர்களா, மகளுக்குத் தெரியுமா. உறுதிமொழி நிகழ்ச்சிக்குப் பிறகு இருவரும் சேர்ந்து வாழவில்லை என்பது நீதிமன்றத்துக்குத் திருப்தி தருகிறது என்று தட்டச்சுக்காரரிடம் சொன்னார். மனு ஏற்கப்பட்டது. மொத்தம் பதினாலு நிமிடம். அடுத்த ஜோடியைக் கூப்பிட்டார்கள். அவர்கள் கதவருகில் யார் முதலில் நுழைவது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

வெளியே வந்ததும் அவரிடம் கேட்டேன். "அன்னைக்கே தெரியுமா உங்களுக்கு?"

"அப்பவே தெரியும்."

"ஒரு வருஷமா ஏன் சொல்லல?"

"நீ கேக்கலையே" என்றார்.

இருபத்தாறு வருடத்தில் அவரைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறேன். எதையாவது அவரிடம் கேட்டு எழுதியிருக்கிறேனா என்று யோசித்தேன். நல்ல வேளையாக, அதில் பதினொரு வருடத்தைச் சரிபார்க்க வழியில்லை.

நாத்தனார் பிளாஸ்டிக் உறையைப் பைக்குள் வைத்துவிட்டு எழுந்து வந்தார். அழுதிருந்தார். தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடந்தார். ஆட்டோவை நிறுத்தியதும், பழக்கத்தில், என்னைப் பார்க்காமல் அவரிடமே கேட்டார்.

"இவளும் நம்ம கூட வர்றாளா? போற வழிதானே, மூணு பேர் உக்காரலாம்."

என் கணவராக அதுவரை இருந்தவர் வாயைத் திறந்தார். எனக்காக அவர் என்ன பதில் சொல்வார் என்று எனக்குத் தெரியும்; இருபத்தாறு வருடமாகக் கேட்டதுதான். திறந்த வாயை மூடிக்கொண்டார்.

"அவங்களைக் கேளுக்கா" என்றார்.

அண்ணி என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"நான் பஸ்ல போறேன் அண்ணி" என்றேன்.